நம் வட்டம் கைமாறுகிறது: அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

இலங்கை மலையகத்தில் எழுதுகிறவர், வரைகிறவர், படம் எடுக்கிறவர், பாடுகிறவர், தப்பு என்னும் பறை அடிக்கிறவர், கூத்து ஆடுகிறவர் என்று எல்லாரையும் ஒருவருக்கொருவர் தெரிய வைப்பதற்காக ஹட்டனில் மாதம் ஒருமுறை கூடும் நம் வட்டத்தின் பொறுப்பு புதிய ஐந்து பேரிடம் போகிறது. அறிவித்த நாளிலிருந்து போனில், வாட்ஸ்அப்பில், பஸ் ஸ்டாண்டில் என்று பார்க்கிற இடமெல்லாம் கேள்விதான். அக்கறை இருக்கிறவர்கள்தான் கேட்பார்கள், அதனால் சந்தோஷமாகவே எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். நான் விலகிப் போகும் இருவரில் ஒருவன்.

ஏன் இப்போது மாற்றம்? உள்ளே ஏதாவது சண்டையா?

சண்டை எதுவும் இல்லை. எனக்கு வேலை கொழும்புக்கு மாறிவிட்டது, என்னோடு சேர்ந்து நடத்திய அக்காவுக்கு வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொழும்பிலிருந்தே போனில் நடத்தலாமே என்று பல பேர் சொன்னார்கள். முடியும், ஆனால் கூடாது என்பது என்னுடைய உறுதியான எண்ணம். மஸ்கெலியாவில் இருந்து ஒரு பிள்ளை முதல் தடவையாகத் தன் ஓவியத்தைச் சுருட்டிக் கொண்டுவரும்போது, அதை விரித்துப் பார்க்க அந்த இடத்தில் ஆள் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு வர முடிகிறவர்தான் இதை நடத்த வேண்டும்.

புதிய நிர்வாகத்தில் யார் யார் இருக்கிறார்கள்?

டிக்கோயா பக்கம் கவிதை எழுதும் ஒரு ஆசிரியை, தலவாக்கலையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி, பொகவந்தலாவையில் காமன் கூத்து (மாசியில் தோட்டங்களில் ஆடும் ரதி மதன் கதை) பழக்கும் மாஸ்டர், புசல்லாவையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் அக்கா, பண்டாரவளையில் சைன் போர்ட் எழுதும் அண்ணன். பெயரும் நம்பரும் இங்கே போடவில்லை, கூட்டத்தில் அவர்களே சொல்வார்கள். ஐவரையும் போன கூட்டத்தில் கைதூக்கித்தான் தேர்ந்தெடுத்தோம். வேண்டுமென்றேதான் வேறு வேறு இடத்து ஆட்களாகப் பார்த்தோம், ஏனென்றால் இதுவரை வட்டம் ஹட்டன் சுற்றுவட்டாரத்தோடு நின்றுவிட்டது, பதுளைப் பக்கம் நல்ல எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் இருந்தும் நமக்கும் அவர்களுக்கும் தொடர்பு மெலிந்தே இருந்தது.

கொழும்பில் ஒரு நிறுவனம் வட்டத்தை எடுத்து நடத்தக் கேட்டதாமே, உண்மையா?

உண்மை. பெயர் வேண்டாம். காசு தருகிறோம், மண்டபம் பிடித்துத் தருகிறோம், வருடத்துக்கு ஒரு பெரிய விழா வைக்கலாம் என்றார்கள். நல்லவிதமாகத்தான் பேசினார்கள், நாங்களும் யோசிக்காமல் மறுக்கவில்லை. ஆனால் பதிலுக்குக் கேட்டது இரண்டு: உறுப்பினர் பட்டியல் முழுவதும், போன் நம்பரோடு, பிறகு நாம் சேர்த்து வைத்திருக்கும் பாட்டுப் பதிவுகளைப் பயன்படுத்தும் உரிமை.

முதலாவதை எடுத்துக்கொண்டால், நம்மை நம்பி நம்பர் தந்தவர்கள் வட்டத்துக்குத்தான் தந்தார்கள், மூன்றாவது ஆளுக்கு அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஒருவருடைய விவரத்தை எதற்காக வாங்கினோமோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. சட்டமே இல்லாவிட்டாலும் தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் நம்பரை யாரோ ஒருவருக்கு எக்செல் தாளில் போட்டுக் கொடுப்பது சரியான வேலை இல்லை. இரண்டாவதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் வைத்துப் பேசினோம், பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள், அதோடு முடிந்தது. அந்த நிறுவனத்தோடு பகை கிடையாது. ஒரு வேலைக்குக் கலைஞர் தேவை என்று அவர்கள் கேட்டால் மற்ற எல்லாரையும் போல அவர்களுக்கும் அறிமுகம் செய்து வைப்போம்.

உண்மையில் எதைத்தான் ஒப்படைக்கிறீர்கள்? ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கொப்பி, அவ்வளவுதானே?

இந்தக் கேள்வி வந்ததற்கு ரொம்ப நன்றி, ஏனென்றால் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததே இதுதான். குழுவையும் கொப்பியையும் ஒரே நாளில் கொடுத்துவிடலாம். கொப்பியில் எழுதாத விஷயம்தான் வட்டமே. லிந்துலையில் ஒரு தையல்கார அக்கா ரதி மதன் உடுப்பு தைப்பார், ஆனால் தானாக வந்து சொல்லமாட்டார், நாம் போன் எடுத்துக் கேட்டால்தான் வருவார். நோர்வூட் பக்கம் ஒரு ஐயா பழைய பொன்னர் சங்கர் பாட்டு முழுவதும் மனப்பாடமாக வைத்திருக்கிறார், அவரைப் பார்க்கப் போகிறவர் காலையில்தான் போக வேண்டும், மாலையில் அவருக்கு மூச்சுக் கஷ்டம். குறும்படம் எடுக்க நினைக்கும் ஒரு பையனுக்குக் கதை இருக்கிறது, கெமரா இல்லை. கெமரா வைத்திருக்கும் ஒருவருக்குக் கல்யாண சீசன் முடிந்தால் சும்மா இருக்கிற மாதங்கள் இருக்கின்றன. இந்த இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஒரு தேத்தண்ணியும் வாங்கிக் கொடுப்பதுதான் நாங்கள் இத்தனை காலம் செய்த வேலை, அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை, அதற்குக் கீழேயும் செய்யவில்லை.

ஆகவே ஒப்படைப்பு என்றால் புதியவர்களை ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போவதுதான். ஞாயிறு ஞாயிறாகப் போகிறோம். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து, "இனி இவங்கதான் உங்களுக்குப் பேசுவாங்க" என்று முகம் பார்த்துச் சொல்கிறோம். எல்லார் வீட்டுக்கும் போய் முடியவில்லை. உங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை என்றால் மறந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், பூண்டுலோயா, இராகலை, ஹப்புத்தளைப் பக்கங்கள் இன்னும் பாக்கி.

வட்டம் பதிவுசெய்த பாட்டுகள் இனி யாருக்குச் சொந்தம்?

பாடியவர்களுக்கு. முன்பும் அப்படித்தான், இனியும் அப்படித்தான்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வட்டத்தின் பிள்ளைகள் தோட்டம் தோட்டமாகப் போய், வயதான அம்மாக்கள் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்து எடுக்கும்போது மலையில் பாடும் பாட்டு என்று நிறையப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை நம் தோட்டத்துப் பாடல்களைத் திரட்டி அச்சில் கொண்டுவந்தபோது எழுத்தாகத்தான் கிடைத்தன, நமக்கோ குரலே கிடைக்கிறது. குரல் கிடைப்பதால் பொறுப்பும் கூடுகிறது, ஏனென்றால் ஒப்பாரி பாடுகிறவர் தன் வீட்டுச் சாவை நினைத்துப் பாடுகிறார், அதை எடுத்து யாரோ தேயிலை விளம்பரத்துக்குப் பின்னணியில் போட்டால் அந்த அம்மாவின் முகத்தில் நாம் எப்படி முழிப்பது?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் பாடுகிறவர், ஆடுகிறவர், நடிக்கிறவர் ஆகியோருக்கும் உரிமை தருகிறது, பாட்டை எழுதியவருக்கு மட்டும் அல்ல. நாட்டார் பாடல் போன்றவற்றுக்கும் அந்தச் சட்டத்தில் தனியாகப் பாதுகாப்பு உண்டு. ஆகவே "பாட்டு பழசு, யாருக்கும் சொந்தமில்லை, எடுத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். புதிய நிர்வாகம் ஏற்றுக்கொண்ட நடைமுறை இது: பதிவு எதுவும் வெளியே போவதற்கு முன் பாடியவரிடமோ, அவர் இல்லை என்றால் அவர் பிள்ளைகளிடமோ கேட்க வேண்டும், எதற்கு, எங்கே, காசு வருமா வராதா என்று தமிழில் புரியச் சொல்ல வேண்டும், சம்மதம் கையெழுத்தாகவோ குரலாகவோ இருக்கலாம், பாடியவர் பெயரும், அவர் விரும்பினால் தோட்டத்தின் பெயரும் கட்டாயம் வர வேண்டும், காசு வந்தால் அது அவருக்குத்தான் போகும், வட்டத்துக்கு அல்ல. பதிவுகள் இரண்டு ஹார்ட் டிஸ்கில் இரண்டு ஊரில் இருக்கும். ஒன்றைத் தண்ணீர் கெடுத்தாலும் மற்றது மிஞ்சட்டும்.

நான் வட்டத்துக்குக் கொடுத்த போட்டோ, கவிதை, ஓவியம்?

உங்களுடையதுதான். இலங்கைச் சட்டத்தில் படைப்பாளியின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும் பதிப்புரிமை இருக்கிறது, எங்கும் பதிவுசெய்தால்தான் உரிமை என்றும் கிடையாது. பொருளாதார உரிமையை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் எழுத்தில், கையெழுத்தோடு கொடுங்கள். வாய்ப்பேச்சில் கொடுக்க வேண்டாம். உரிமையைக் கொடுத்த பிறகும் உங்கள் பெயரைப் போடச் சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் உறுப்பினர் ஒருவர் விடிகாலையில் எடுத்த தேயிலை மலைப் படம் ஒரு சுற்றுலா விடுதியின் வரவேற்பறையில் பெயரில்லாமல் பெரிதாகத் தொங்கியது, அவருக்கு அதைப் பற்றித் தெரியவே தெரியாது. நிர்வாகம் மாறும் நேரத்தில் இப்படியான பழைய பைல்கள் கைமாறிப் போகாமல் இருக்க, எங்கள் கணினியில் இருப்பதை அவரவருக்கே திருப்பி அனுப்பிவிட்டு, வட்டத்தில் வைத்திருக்கலாம் என்று நீங்கள் சொன்னதை மட்டும் புதியவர்களுக்குக் கொடுக்கிறோம்.

பணம் எவ்வளவு இருக்கிறது, யார் கையில் இருக்கிறது?

பெரிய பணம் இல்லை. கூட்டத்தில் சுற்றும் டப்பாவில் விழுவது, சில நண்பர்கள் தந்தது, அவ்வளவே. கணக்கு முழுவதும் கொப்பியில் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் மேசையில் வைப்போம், யாரும் புரட்டிப் பார்க்கலாம், போனில் படம் எடுத்துக்கொண்டும் போகலாம். இதுவரை என் பெயரிலும் அக்கா பெயரிலும் கூட்டுக் கணக்காக இருந்தது. புதிய கணக்கு வட்டத்தின் பெயரில் வரும், மூன்று பேரில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம். சந்தா கிடையாது, இனியும் வராது. வட்டம் வழியாகக் கிடைத்த வேலைக்குக் கமிஷனும் கிடையாது, யாராவது வட்டத்தின் பெயரைச் சொல்லி உங்களிடம் கமிஷன் கேட்டால் உடனே ஐவரில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

வட்டத்தைப் பதிவு செய்யப் போகிறீர்களா?

வட்டத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க வேண்டும் என்றால் யாப்பும் (அமைப்பின் விதிமுறைகள்) கூட்டத் தீர்மானமும் கேட்பார்கள், ஆகவே ஏதோ ஒரு வகையில் பதிவு தேவைதான். 1891ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க சங்கங்கள் கட்டளைச் சட்டம் ஒரு வழி. 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவது இன்னொரு வழி, அதற்கு வருடா வருடம் கணக்காய்வு, செயலாளர் கட்டணம் என்று செலவு வரும், நம் அளவுக்கு அது பாரம். பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைப் பார்த்துக் கலை மன்றமாகப் பதிவதைத்தான் புதியவர்கள் முதலில் பார்க்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. யாப்பு வரைவு தமிழில் இருக்கிறது, இரண்டு பக்கம்தான், கேட்கிறவர்களுக்கு அனுப்புவார்கள்.

கூட்டம் நடக்கும் நாளும் நேரமும் மாறுமா?

நாள் மாறாது. பத்தாம் திகதி சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிறு. இதற்குக் காரணம் உண்டு: பஸ்ஸுக்குக் கையில் காசு இருக்க வேண்டும், பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்) போகிறவர்களுக்கு அன்றைக்கு லீவாக இருக்க வேண்டும். மாசி மாதத்தில் மட்டும் கூட்டம் கிடையாது, தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றிக் கூத்து தொடங்கிவிட்டால் கூத்துக்காரர் யாரும் வரமாட்டார்கள், வரக்கூடாது, அன்றைக்கு நாம்தான் அங்கே போக வேண்டும்.

நேரத்தில் ஒரு மாற்றம். இதுவரை சாயந்தரம் வரை இழுத்தோம், இனி பகல் 2 மணிக்கு முடித்துவிடுவார்கள். தோட்டத்துக்குள் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் பெண்பிள்ளைகள் ஆட்டோ பிடிக்க வேண்டும், அதற்குக் காசும் போகும், வீட்டில் அடுத்த மாதம் விடவும் மாட்டார்கள். புசல்லாவை அக்கா முதலில் கேட்ட மாற்றமே இதுதான். பதுளைப் பக்கம் இருப்பவர்களுக்காகச் சில கூட்டங்கள் பண்டாரவளையில் நடக்கும். மழை பார்த்து இடம் பிரிக்கலாம் என்று பேச்சு: தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் கொட்டும் மாதங்களில் பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் அவ்வளவு பெய்யாது, வருடக் கடைசியில் வடகிழக்கு மழை வரும்போது அது அப்படியே மாறும். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் கூட்டம் ரத்து, அதில் பேச்சுக்கே இடமில்லை.

தப்புக் கலைஞர்களை விழாவுக்கு மட்டும் கூப்பிடுகிறீர்கள், நிர்வாகத்தில் ஒருவரும் இல்லையே?

இது கூட்டத்தில் எழுந்த கேள்வி, நியாயமான கேள்வி. மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு காலத்தில் விடியும் முன் பெரட்டுக்கு ஆள் எழுப்பியதும் தப்பு, காமனுக்கும் அருச்சுனன் தபசுக்கும் அடிப்பதும் தப்பு, சாவு வீட்டில் முன்னால் போவதும் தப்பு. அதே தப்பை அடிக்கிறவரைச் சாதி பார்த்துத் திண்ணையோடு நிறுத்திய வழக்கமும் நம் தோட்டங்களில்தான் இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கீபோர்ட் வாசிப்பவருக்கு ஒரு தொகை, தப்பு அடிப்பவருக்கு அதில் கால்வாசியும் ஒரு போத்தலும் என்று பேரம் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்காக இரண்டு முடிவு எடுத்திருக்கிறார்கள். வட்டம் வழியாகப் போகும் எந்த நிகழ்ச்சிக்கும் இசைக் கலைஞர் எல்லாருக்கும் ஒரே கணக்கில் சம்பளம், போக்குவரத்தும் சாப்பாடும் தனி, இதற்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு ஆள் அனுப்பமாட்டோம். அடுத்தது, ஐவர் குழு ஏழு பேராகும், அந்த இரண்டு இடத்தில் ஒன்று தப்புக் கலைஞர்களுக்கு, அவர்களே தங்களுக்குள் ஆளைச் சொல்வார்கள். முதல் நாளிலேயே இப்படி இருந்திருக்க வேண்டும் என்று கேட்டவர் சொன்னார், அவர் சொன்னதுதான் சரி.

தொழிற்சங்கமும் அரசியலும் உள்ளே வருமா?

உறுப்பினர் எந்தச் சங்கத்திலும் இருக்கலாம், தோட்டத் தலைவராகவும் இருக்கலாம். மலையகத்தில் பாட்டையும் தொழிற்சங்கத்தையும் பிரிக்கவே முடியாது, 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் கட்டிய காலத்தில் அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாடித்தான் ஆட்களைச் சேர்த்தார். ஆகவே படைப்பில் அரசியல் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் வட்டத்தின் மேடையில் கட்சிக்காரருக்கு மாலை, பொன்னாடை, பிரதம விருந்தினர் கதிரை எதுவும் கிடையாது. வந்தால் எல்லாரோடும் உட்காரட்டும். கட்சிப் பதவியில் இருப்பவர் நிர்வாகக் குழுவில் இருக்க முடியாது என்று யாப்பிலும் போட்டிருக்கிறது.

சிங்கள நண்பர்கள் வரலாமா?

வரலாம், ஏற்கெனவே வருகிறார்கள். அறிவிப்பு இனி இரண்டு மொழியிலும் போகும்.

வாட்ஸ்அப் குழு என்ன ஆகும்?

அட்மின் மாறுவார்கள், நாங்கள் சில வாரம் கூட இருந்துவிட்டு அட்மினிலிருந்து இறங்குவோம். பெரிய மாற்றம் என்னவென்றால் குழு இரண்டாகும். ஒன்றில் அறிவிப்பு மட்டும், யாரும் பதில் போட முடியாது. அதில் உறுப்பினர்கள் ஒருவர் நம்பரை ஒருவர் பார்க்க முடியாதபடி அமைக்கிறார்கள், அதனால் நம்பர் வெளியே தெரிய விரும்பாதவர்கள் அதோடு நின்றுகொள்ளலாம். மற்றது பேசுவதற்கு, விரும்பியவர் சேரலாம். தெரியாத ஆள் உங்களுக்குத் தனியாக மெசேஜ் போட்டுத் தொந்தரவு செய்தால் டிக்கோயா டீச்சரிடம் சொல்லுங்கள், கேள்வி கேட்காமல் அந்த ஆளை எடுத்துவிடுவார்.

வட்டத்தின் சாமான்கள் யாரிடம்?

புரொஜெக்டர், டிரைபாட், மைக் எல்லாம் தலவாக்கலை ஸ்டூடியோவில். நம் ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும், ஸ்டூடியோவில் காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் இருக்கின்றன, அதனால்தான் அங்கே. தப்புகள் பொகவந்தலாவை மாஸ்டரிடம். எடுத்துப் போகிறவர் கொப்பியில் எழுத வேண்டும். தப்பை நெருப்பில் காய்ச்சத் தெரியாதவர் தெரிந்தவரோடு வாருங்கள், தோல் கருகினால் பிறகு அந்தச் சத்தம் வராது.

நான் கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன் / வெளிநாட்டில் இருக்கிறேன். எனக்கு வட்டத்தில் இடம் உண்டா?

உண்டு, நானும் இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஓட்டுப் போடலாம், படைப்பு அனுப்பலாம், ஊருக்கு வரும் தீபாவளி, பொங்கல் நேரத்துக் கூட்டத்துக்கு வரலாம். நிர்வாகத்தில் மட்டும் இருக்க முடியாது.

புதியவர்கள் சரியாக நடத்தாவிட்டால்?

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். அதற்கு முன்பே மாற்ற வேண்டும் என்றால் உறுப்பினரில் மூன்றில் ஒருவர் எழுதிக் கேட்டால் விசேட கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று: முதல் சில மாதம் தடுமாறுவார்கள், பதில் தாமதமாகும், யாரையாவது கூப்பிட விட்டுப்போகும். அப்போது "அவங்க இருந்தப்போ இப்படி இல்ல" என்று குழுவில் போடாதீர்கள். போன் எடுத்து, "மாஸ்டர், எனக்குச் சொல்லல" என்று நேராகச் சொல்லுங்கள், அவர் அடுத்த முறை கட்டாயம் சொல்வார்.

பழைய ஆட்களிடம் இனி எதைக் கேட்கலாம்?

பழைய கணக்கு, பழைய படம் யாரிடம், எந்தப் பதிவு எந்தத் தோட்டத்தில் எடுத்தது என்பதை எல்லாம் தாராளமாகக் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் என்ன, யாரைச் சேர்க்கலாம், மண்டபம் கிடைக்குமா என்று எங்களிடம் கேட்டால் நாங்கள் பதில் சொல்லமாட்டோம், ஐவரின் நம்பரைத்தான் தருவோம்.

இங்கே இல்லாத கேள்வி இருந்தால்?

அடுத்த கூட்டத்தில் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரம் அதற்கென்றே வைத்திருக்கிறார்கள். எழுந்து பேசக் கூச்சமாக இருந்தால் துண்டில் எழுதிக் கணக்குக் கொப்பிக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் போடுங்கள், பெயர் எழுத வேண்டியதில்லை.